காகிதப்பூவும் இட்லிப்பூவும்: வாசகர் கேள்விகளுக்குத் தோட்டக்கலைப் பதில்கள்

கேள்வி: சுற்றுச்சுவரை ஒட்டிக் காகிதப்பூக் கொடியையும் இட்லிப்பூச் செடியையும் அடுத்தடுத்து நட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே உரம், ஒரே வெயில். காகிதப்பூ சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஆனால் இலையும் முள்ளும்தான் இருக்கின்றன, பூவைக் காணோம். இட்லிப்பூவோ வளர்ச்சி நின்று, புதிய இலைகள் மஞ்சளாக வெளுக்கின்றன. இரண்டில் எதை எடுத்துவிடலாம்?

பதில்: எதையும் எடுத்தெறிய வேண்டாம், ஒன்றை மட்டும் இடம் மாற்றினால் போதும். எதை என்று முடிவு செய்வதற்கு முன், இரண்டும் எப்படிப்பட்ட செடிகள் என்பதைப் பார்த்துவிடுவோம். குறை பராமரிப்பில் இல்லை, பராமரிப்பை இரண்டுக்கும் சமமாகப் பங்கிட்டதில் இருக்கிறது.

போகன்வில்லா எனப்படும் காகிதப்பூ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1767ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்பயணக் குழுவுடன் சென்ற பிலிபேர் கொமர்சோன் என்ற தாவரவியலாளர் ரியோ டி ஜெனிரோ பகுதியில் இதைச் சேகரித்தார். பயணத்தின் தலைவரான புகன்வில்லின் பெயரே செடிக்கும் அமைந்தது. நாம் பூ என்று சொல்லும் வண்ணப் பகுதி உண்மையில் பூ அன்று. அது பூவடிச்செதில், அதாவது நிறம் மாறிய இலை. மூன்று செதில்கள் கூடிய கொத்தின் நடுவே, செதிலுக்கு ஒன்றாக ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சிறு குழல்களே பூக்கள். செதில்கள் காகிதம்போல் மெல்லியவை; உதிர்ந்த பிறகும் சில நாள் நிறத்துடன் கிடக்கும்.

தங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இனிமேல்தான் வருகிறது. காகிதப்பூவில் இலைக்கணுவின் கக்கத்திலிருந்து கிளம்பும் மொட்டு, முள்ளாகவும் மாறலாம், பூங்கொத்தாகவும் மாறலாம். தோற்றத்தில் இரண்டும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள். தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்து, கொடி விரைந்து நீளும்போது அந்த மொட்டு முள்ளாகிவிடுகிறது. வெயில் மிகுந்து, பகற்பொழுது குறுகி, வேரில் சற்றே வறட்சி தட்டி, நீள்வதற்குக் கொடி தயங்கும்போதுதான் அது பூங்கொத்தாகிறது. தங்கள் கொடியில் முள் மிகுந்திருப்பது நோயின் அறிகுறி அன்று. அளவுக்கு மீறிய உபசரிப்பின் அறிகுறி. எனவே தழைச்சத்து மிகுந்த உரத்தை நிறுத்துங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்து, நண்பகலில் இலைகள் இலேசாகத் துவளும் வரை பொறுத்திருந்து, பிறகு வேர் முழுதும் நனையும்படி ஒரே தடவையாக ஊற்றுங்கள். நாள்தோறும் ஒரு குவளை என்று தெளிப்பதைவிட இதுவே நல்லது. முதலில் சில இலைகள் பழுத்து உதிரலாம், அதற்காக மனம் இளகிக் குழாயைத் திறந்துவிடாதீர்கள்.

இட்லிப்பூ இதற்கு நேர்மாறானது. வெட்சி என்பது இதன் பழைய பெயர். ஆநிரை கவர்தலைப் பாடும் புறத்திணைக்கே அப்பெயர் உண்டு. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். காபிச் செடியும் இதுவும் ஒரே குடும்பம். அந்த உறவை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் தேவையும் புரிந்துவிடும்: மக்குச் சேர்ந்த, ஈரம் வற்றாத, ஆனால் நீர் தேங்காத, அமிலத்தன்மை கொண்ட மண். கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் இட்லிப்பூ செழிக்கும்; 7ஐத் தாண்டி மண் காரமானால் தடுமாறத் தொடங்கும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும், அது கரையாத வடிவத்துக்குப் போய்விடுவதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. பழைய இலையில் உள்ள இரும்பு புதிய இலைக்கு இடம்பெயராது என்பதால், வெளுப்பு எப்போதும் தளிரில்தான் தொடங்கும். இலைப்பரப்பு மஞ்சளாகவும் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் தெரியும். அடி இலைகள் மஞ்சளானால் அது வேறு குறை, பெரும்பாலும் தழைச்சத்துப் பற்றாக்குறை.

அப்படியானால் காரத்தன்மை எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சிமெண்டுப் பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பும், கட்டுமானத்தின்போது அடியில் புதைந்த காரைத்துண்டுகளும் சுவரோர மண்ணைக் காரமாக்குகின்றன. உவர்ப்பான நிலத்தடி நீரைப் பாய்ச்சினால் நிலைமை இன்னும் மோசமாகும். காகிதப்பூ இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், இட்லிப்பூவால் முடியாது.

ஆகவே இடம் மாற்ற வேண்டியது இட்லிப்பூவைத்தான். காகிதப்பூவின் வேர்கள் மெல்லியவை, எளிதில் அறுபடுபவை. ஊன்றிய கொடியைத் தோண்டினால் அது பிழைப்பது அரிது. இட்லிப்பூவைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடியாவது தள்ளி, வேரைச் சுற்றிய மண் உதிராமல் பெயர்த்து, மக்கிய தொழு உரமும் இலைமக்கும் கலந்த குழியில் நட்டு, அடியில் சருகு மூடாக்கு இடுங்கள். இதன் வேர்கள் மேலாகவே பரவுவதால், மூடாக்கு இல்லாத வெற்றுமண்ணில் விரைவில் காய்ந்துபோகும். உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலைகளில் தெளிக்கலாம். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை விழும், எச்சரிக்கை. இது தளிரைப் பச்சையாக்குமே தவிர மண்ணைத் திருத்தாது. மண் திருந்த மக்குரமும் சிறிதளவு கந்தகமும் மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: அரைநிழல் விழும் இடத்துக்கு இரண்டில் எது ஏற்றது?

பதில்: இட்லிப்பூ. அங்கும் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது விழ வேண்டும். இல்லாவிட்டால் பூக்கொத்துகள் குறையும். காகிதப்பூவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காவிட்டால், அதை நடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: இட்லிப்பூவை வேலியாக வளர்த்து, மாதம் ஒருமுறை கத்தரித்துச் சமன்படுத்துகிறோம். வேலி அழகாக இருக்கிறது, பூப்பதில்லை. காகிதப்பூவை வெட்டினால் நிறையப் பூக்கும் என்கிறார்களே, இது ஏன் பூக்கவில்லை?

பதில்: நீங்கள் வெட்டி எறிவது பூவைத்தான். இட்லிப்பூவின் கொத்து ஒவ்வொரு கிளையின் நுனியிலும்தான் அரும்பும். கிளை முதிர்ந்து அரும்பு கட்டுவதற்குள் அடுத்த மாதக் கத்தரிப்பு வந்துவிடுகிறது. வேலிக் கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டு, கொத்து வாடியபின் அதை அடுத்த இலைச்சோடிக்கு மேலே கைக்கத்தரியால் நறுக்குங்கள். அவ்விடத்தில் பெரும்பாலும் இரண்டு கிளைகள் பிரியும், கொத்தும் இரட்டிக்கும். இதனால் வேலியின் விளிம்பு நேர்க்கோடாக இராது. கோடுதான் வேண்டுமென்றால் பூவை மறந்துவிட வேண்டும்; சிற்றிலைக் குட்டை வகைகளை நட்டால் இந்தச் சிக்கல் ஓரளவு குறையும். காகிதப்பூவும் புதுக்கிளையில்தான் பூக்கிறது என்றாலும், அதன் பூ கிளை நெடுகிலும் கணுக்கணுவாக வருவதால், ஒரு பருவம் பூத்து முடிந்தவுடன் பாதி நீளத்துக்குக் கவாத்து செய்தாலும் தாங்கும். அரும்பு கட்டத் தொடங்கிய பிறகு அதையும் தொடக் கூடாது.

கேள்வி: இரண்டையும் ஒரே பெரிய தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: கூடாது. காகிதப்பூவைத் தொட்டியில் வேர் நெருக்கத்துடன் விட்டால்தான் நன்றாகப் பூக்கும். மணல் கலந்த, வடிகால் மிகுந்த கலவை அதற்குப் போதும். அதே கலவையில் இட்லிப்பூவின் வேர் ஒரே நாளில் காய்ந்துவிடும். இட்லிப்பூவுக்கு மக்கு மிகுந்த கலவையுடன் தனித்தொட்டி கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைவிட ஓரளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டிச் செடியில் எறும்புகள் ஊர்ந்தால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கசியும் இனிப்பு நீரில்தான் கரிபோன்ற பூஞ்சாணம் படர்கிறது. வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை அடிப்புறம் நனையும்படி தெளித்து வந்தால், பூச்சி குறையும்போது கரியும் தானாக உதிர்ந்துவிடும்.