சுத்திகரித்த பிறகும் மருத்துவமனைக் கழிவுநீரில் மருந்து தங்குவது ஏன்? எப்படி நீக்குவது?

விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலில் செலவாவதில்லை. ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறிக் கழிவுநீரில் கரைகிறது. அதுதான் மருந்து மாசு.

வழக்கமான சுத்திகரிப்பில் கசடு அடியில் படியும், மலக்கழிவை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். ஆனால் வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபைனை அவை ஏறக்குறைய சீண்டுவதே இல்லை. தர்மபுரிச் சந்தையில் வாங்கிய புளியைக் கரைத்து வடிகட்டிப் பாருங்கள்: கொட்டையும் நாரும் மேலே நிற்கும், புளிப்பு கீழே இறங்கிவிடும். கரைந்த மருந்தும் அப்படித்தான்.

ஆகவே கடைசியில் இன்னொரு படி வேண்டும். ஓசோன் செலுத்தி மருந்து மூலக்கூறை உடைக்கலாம், மின்செலவு அதிகம். என்னைக் கேட்டால், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளுக்குத் தோதானது கொட்டாங்கச்சியில் செய்யும் கிளர்வூட்டிய கரி, அதாவது நுண்துளைகள் நிறைய உண்டாகும்படி பக்குவப்படுத்திய கரி. அதில் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம்! அந்தத் துளைச்சுவர்களில் மருந்து ஒட்டிக்கொள்கிறது. துளைகள் நிரம்பியதும் கரியை மாற்ற வேண்டும் (இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்).

குளோரின் கலந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்: அது கிருமியைக் கொல்வதற்கு, கார்பமாசெபைன் அதற்குப் பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை.