மும்பையில் பத்திரிகைக்குப் படம் எடுப்பவன்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி அனுப்புங்கள் என்றதும் இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கேள்விகள் கேமரா மாடல் பற்றியவை, அதையெல்லாம் சேர்த்து ஒரே பதிலில் முடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னைத் தெரியாதவர்களுக்கு: பிறந்தது தாராவி, அப்பா ஊர் திருநெல்வேலிப் பக்கம், 2004-லிருந்து இந்த ஊரில் செய்திப் புகைப்படம் எடுக்கிறேன். முதல் ஆறு வருஷம் ஸ்ட்ரிங்கர், அதாவது சம்பளம் இல்லாமல் படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவன், அப்புறம் ஒரு நாளிதழில் மாதச் சம்பளம், இப்போது மூன்று வருஷமாகத் திரும்பவும் ஃப்ரீலான்ஸ்.

செம்பூர் கல்லூரி மாணவர்: அண்ணா, ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

காத்திருந்தே போகும் தம்பி. நேற்றையதைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குப் பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கிலிருந்து வாட்ஸ்அப். மந்திராலயாவில் (மாநிலத் தலைமைச் செயலகம்) பதினொரு மணிக்கு ஒரு அமைச்சர் பேட்டி, அவர் வந்தது ஒரு மணிக்கு, படத்துக்குக் கிடைத்த நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அங்கிருந்து ஆசாத் மைதானம். மும்பையில் மோர்ச்சா (கண்டன ஊர்வலம்), தர்ணா எதுவானாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள், அதனால் வேலையில்லாத நாளிலும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். சாயங்காலம் தாதர் பூ மார்க்கெட், பண்டிகைக்கு முன்னால் சாமந்தி விலை ஏறியிருக்கிறதாம். தாதர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட்டில் ஒன்பது படம் அனுப்பினேன். மூன்று இடத்துக்கும் சேர்த்து எடுத்தது முந்நூறு இருக்கும், அச்சில் வந்தது சாமந்தி மட்டும், இரண்டு பத்தி அகலத்துக்கு.

படம் எடுப்பதைவிடக் கஷ்டம் கேப்ஷன். யார், எங்கே, எப்போது, பெயர் சரியாக. ஆரம்பத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் அக்காவின் பெயரை அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து சயான் பாலத்துக்குக் கீழே என்னைப் பிடித்துக்கொண்டார். பேப்பரை வெட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். “படம் நான்தான், பேரு என் நாத்தனார் பேரு. அவ ஊரெல்லாம் காட்டிட்டு இருக்கா.” அன்றிலிருந்து பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்கிறேன்.

ஏழெட்டுப் பேர்: எந்த கேமரா, எந்த லென்ஸ்?

இரண்டு கேமரா பாடி, ஒன்றில் 24-70 எம்.எம். லென்ஸ், இன்னொன்றில் தூரத்தில் இருப்பதை எடுக்க 70-200. கூட்டத்தின் நடுவில் லென்ஸ் மாற்றிக்கொண்டு நிற்க முடியாது, இரண்டு பாடிக்குக் காரணம் அவ்வளவுதான். கம்பெனிச் சண்டைக்கு நான் வரவில்லை. புதிதாக வருபவர்கள் ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் போய்ப் பழைய பாடி ஒன்றும் ஒரு 50 எம்.எம். லென்ஸும் வாங்குங்கள். கடன் வாங்கிப் புது கேமரா வேண்டவே வேண்டாம். இந்தத் தொழிலில் தவணை கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கீழே சம்பளக் கேள்வியில் வரும்.

வசாயிலிருந்து ஒருவர்: மழைக்காலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்த வருஷம் என் லென்ஸுக்குள் வெள்ளையாகச் சிலந்தி வலை மாதிரி வந்துவிட்டது.

அது பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து தருவார்கள், கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் போனது போனதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அதைவிடச் சுகமான வீடு கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் சூடு பண்ணித் திரும்பப் போடுங்கள். இன்னொன்று, ஏசி டாக்ஸியிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும். இறங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே ஏசியை நிறுத்தச் சொல்லி ஜன்னலை இறக்கிவிடுவேன், டிரைவர் முணுமுணுப்பார், பரவாயில்லை. மழைக்கு நான் பயன்படுத்துவது ஹோட்டல் குளியலறையில் வைத்திருக்கும் ஷவர் கேப். கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

இதைவிட முக்கியம், கடல் எப்போது ஏறும் என்று தெரிந்திருப்பது. மழை மட்டும் பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும். ஹை டைட் நாலரை மீட்டரைத் தாண்டுகிற நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லை, அப்போதுதான் சயான் காந்தி மார்க்கெட்டும் மிலன் சப்வேயும் முங்கும். ஜூன் வந்தால் எங்கள் வீட்டு ஃபிரிஜ் கதவில் காந்த பொம்மைக்குக் கீழே டைட் அட்டவணை ஒட்டியிருக்கும்.

2005 ஜூலை 26 பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அன்று புறநகர்ப் பக்கம் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. அதே நாளில் ஊரின் தெற்கு முனையில் இருக்கும் கொலாபாவில் வெறும் 73. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் என் கதை புரியும். நான் குர்லா பக்கம் இடுப்பளவு தண்ணீரில், கேமராவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மிட்டி ஆறு எது, ரோடு எது என்று தெரியவில்லை. எப்படியோ ஒரு பி.சி.ஓ.விலிருந்து (காசு கொடுத்துப் பேசும் டெலிபோன் பூத்) ஆபீசுக்கு லைன் கிடைத்தது, தெற்கு மும்பையில் உட்கார்ந்திருந்த டெஸ்க்காரர் “இங்கே சாதாரண மழைதானேப்பா, வந்து படத்தைக் கொடு” என்கிறார். ரயில் நின்று பல மணி நேரம் ஆகியிருந்தது. இரவு முழுக்க நடந்தேன், முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, என் தோளை யாரோ பிடித்துக்கொண்டு. மொத்தம் பதினொரு படம்தான், பன்னிரண்டாவதில் கேமரா செத்துவிட்டது. அவை அச்சில் வந்தது 28-ஆம் தேதி, அதற்குள் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

மாட்டுங்கா வாசகி: கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறேன். சாவு வீட்டில் அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட எப்படி மனசு வருகிறது?

கோபம் நியாயம்தான் மாமி. எனக்கு விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, யாராவது ‘வேண்டாம்’ என்றால் இறக்கிவிடுவேன், அதுவும் எல்லா நாளும் முடிந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துச் சந்தில் சுவர் இடிந்து ஒருவர் போய்விட்டார். அவர் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து அழுததை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை, நான் யார் வீட்டுப் பையன் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் தடுக்கவில்லை என்பது பிற்பாடு உறைத்தது. மறுநாள் முதல் பக்கம், ஐந்து பத்தி அகலத்துக்கு. ஆபீசில் தட்டிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தச் சந்து வழியாகப் போவதைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன், 90 அடி ரோட்டில் பொங்கல் அன்று பெண்கள் வரிசையாகப் பானை வைப்பதைப் படம் எடுக்கப் போனால்கூட அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் போவேன். கடைசியில் ஒருநாள் அவரே வீடு தேடி வந்தார். என் அம்மாவோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறேன். அவர் கேட்டது இதுதான்: “அந்தப் படத்துல என் பின்னாடி எங்க வீடு தெரியுது. இப்ப வீடே இல்ல, வேற போட்டோவும் இல்ல. அழுவுற என்னை வெட்டிட்டு வீட்டை மட்டும் போட்டுத் தருவியாப்பா?”

போட்டுக் கொடுத்தேன். நீலக் கதவு, மேலே காய்ந்த மாவிலைத் தோரணம், ஓரத்தில் தண்ணீர் டிரம். நான் படம் எடுத்தபோது இதில் ஒன்றையும் பார்க்கவில்லை மாமி.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை, புதியவர்களுக்காக. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72). குழந்தைகள் என்றால் போக்சோ பிரிவு 23, சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74 இரண்டும் இன்னும் கறார். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகையை விட்டுவைக்கிற புத்திசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆன்டாப் ஹில் இளைஞர்: பிரஸ் கார்டு இருந்தால் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாமா சார்?

முடியாது. பத்திரிகைக்காரனுக்கென்று அரசியல் சாசனத்தில் தனி உரிமை கிடையாது, 19(1)(அ)-வில் பேச்சுரிமையாக உங்களுக்கு இருப்பதுதான் எனக்கும். ரயில்வே, கோர்ட் வளாகம், கடற்படை இடங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். பந்தோபஸ்தில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் கார்டை நீட்டுவதைவிட, மராத்தியில் “காய் சாஹேப், ஜேவ்லாத் கா?” என்று சாப்பிட்டாரா என விசாரிப்பது பலன் தரும். அவரும் காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறார்.

முலுண்ட், பத்திரிகையியல் மாணவி: பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவல்லா படித்தது நம் ஜே.ஜே. கலைப் பள்ளியில்தான். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வந்தன. 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தபோது அவருக்கு வயது 97. இதை வீட்டில் சொல்லுங்கள். சொல்லாமல் விடவேண்டியதையும் சொல்கிறேன்: விசர்ஜன் (பிள்ளையாரைக் கடலில் கரைப்பது) கூட்டத்தில் கை வைப்பவர்கள் உண்டு, என்னோடு வேலை செய்யும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் கிர்காவ் சௌபாட்டி கடற்கரைக்குள் இறங்குகிறார்கள். பெரிய தலைவலி கழிப்பறை. எட்டு மணி நேர மோர்ச்சாவில் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத் தொற்று வந்தவர்களைத் தெரியும். எந்த ஸ்டேஷனில், எந்த உடுப்பி ஹோட்டலில் சுத்தமான கழிப்பறை என்று அவர்களுக்குள் ஒரு பட்டியலே ஓடுகிறது, சேர்ந்ததும் முதலில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்மா.

கல்யாண் வாசகர்: சம்பளம்? எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

நான் ஸ்ட்ரிங்கராக இருந்தபோது அச்சில் வந்த படத்துக்கு மட்டும் காசு, ஒன்றுக்கு 150 ரூபாய். கொலாபாவுக்கு டாக்ஸியில் போனால் நஷ்டம். ஒரு பத்திரிகை எனக்குப் பதினோரு மாதப் பாக்கி வைத்துவிட்டு மூடியே போனது, பெயர் வேண்டாம். இப்போதும் செய்திப்படத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம்தான், நானும் முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுக்கிறேன், செட்டா நகரிலிருந்து கூப்பிடுவார்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும்.

உரிமை பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று. 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) பிரிவு 17(அ)படி, நீங்கள் பத்திரிகையின் சம்பளக்காரர் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்ற உரிமை எடுத்தவருக்கு. அந்த ‘வேறு ஒப்பந்தம்’ என்பதில்தான் ஆபத்து. வேலையில் சேரும் நாளில் நீட்டும் பேப்பரில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், பதினோரு வருஷப் படங்கள் அங்கேயே இருக்கின்றன, பார்ப்பதற்கே மெயில் போட்டுக் கேட்க வேண்டும்.

சயான் வாசகர்: எல்லார் கையிலும் போன். இனி உங்களுக்கு வேலை இருக்கிறதா?

விபத்து நடந்த இடத்துக்கு எனக்கு முன்னால் நூறு போன் போய்விடும், அந்தப் பந்தயத்தில் தோற்று வருஷக்கணக்காகிறது. ஆனால் 2008 நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி. ஸ்டேஷனில் துப்பாக்கியோடு நடந்த தீவிரவாதி கசாபைப் படம் எடுத்த செபாஸ்டியன் டி’சோசா, அதோடு நிற்கவில்லை, கோர்ட்டுக்குப் போய் “நான்தான் எடுத்தேன்” என்று சாட்சியும் சொன்னார். எடுத்தவர் யார், எங்கே நின்று எடுத்தார், படத்தில் கை வைத்தாரா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஃபார்வர்டாக வரும் படத்துக்கு அப்படி யாரும் இல்லை.

அதே வாசகர்: நீங்கள் ஃபோட்டோஷாப் செய்வதில்லையா?

வெளிச்சம் கூட்டிக் குறைப்பேன், ஓரம் வெட்டுவேன். ஒரு மின்கம்பியைக்கூட அழிக்கமாட்டேன். மும்பையில் கம்பி இல்லாத படம் எடுக்க வேண்டுமென்றால் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டியதுதான்.

தானே, புதிதாகச் சேர்ந்தவர்: சின்ன சந்தேகம்தான், மழைக்கு ஷூவா செருப்பா?

சின்ன சந்தேகம் இல்லை, நல்ல கேள்வி. செருப்பு வேண்டாம். தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், லெப்டோ (எலிக்காய்ச்சல்) வந்துவிடும், 2005 வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஊரில் அதனால் செத்தவர்கள் நிறைய. முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட் நல்லது, அதற்குள்ளேயும் தண்ணீர் இறங்கினால் ஓட முடியாது என்பது ஒரு குறை. வெள்ளத்தில் நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து எடுத்துக்கொள்ளும்படி பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி) சொல்வது வழக்கம், முனிசிபல் டிஸ்பென்சரியில் டாக்டரைப் பாருங்கள், என்ன மாத்திரை, எத்தனை என்பதை அவர் சொல்வார், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் இருக்கட்டும். கேமராவைத் துடைக்கவும் ஆகும்.