பேனா மையில் பொன் கோடு

வணக்கம். வண்ணம் தீட்டிய காகிதத்தில் வீட்டு ப்ளீச்சைத் தொட்டு நிறத்தை எடுத்துப் பழகுகிறேன். கறுப்புப் பேனா மையில் அழகாகப் பொன்னிறக் கோடு விழுகிறது. நீர்வண்ணக் காவியில் ஒன்றுமே நடக்கவில்லை. ப்ளீச் பழசாகிவிட்டதா? முடிந்ததும் வினிகர் தடவினால் ப்ளீச் அடங்கும் என்கிறார்களே, செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வினிகரை எடுத்துத் தூர வையுங்கள். ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அமோனியா உள்ள துப்புரவுத் திரவமும் கிட்டே வரக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். வேண்டிய அளவு வெளுத்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால், புகைப்பட இருட்டறையில் ஹைப்போ என்று சொல்வார்களே, அந்த சோடியம் தயோசல்பேட்டை நீர்க்கக் கரைத்து, அலசிய காகிதத்தின் மேல் தடவுங்கள்.

சரி, காவிக்கு வருவோம். ப்ளீச் நாள்பட்டால் வீரியம் குறையும், உண்மைதான். ஆனால் மையை வெளுக்கிறதே, அப்போது குறை அதில் இல்லை. ப்ளீச் நிறத்தைச் சுரண்டி எடுப்பதில்லை. சாயத்தின் மூலக்கூறையே உடைக்கிறது. பேனா மை பெரும்பாலும் சாயம், அதனால் உடைகிறது. காவியோ இரும்பு ஆக்சைடு. ஏற்கனவே துருவாகிவிட்ட பொருளை ப்ளீச் என்ன செய்யும்? கரியில் செய்த மையும் அப்படித்தான், அசையாது. பிரஷியன் நீலம் மட்டும் வேறு கதை: ப்ளீச்சின் காரம் பட்டு அது சிதைந்து, பழுப்புக் கறையாக நிற்கும்.

உங்கள் பொன் கோட்டை மறுபடி உற்றுப் பாருங்கள். கறுப்பு மை பல சாயங்களின் கலவை. துளி விழுந்ததும் கறுப்பு பழுப்பாகிறது, அப்புறம் தேன் நிறம். எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த மஞ்சள்தான் அந்தப் பொன். அது பிடித்திருந்தால் அந்த நொடியிலேயே அலசிவிடுங்கள், காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

முடித்தூரிகையைத் தொடவே வேண்டாம், ப்ளீச்சில் மயிர் கரைந்துபோகும். நைலான் தூரிகையோ மூங்கில் குச்சியோ போதும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் முதலில் பாருங்கள். காகிதத்தின் நாரையும் ப்ளீச் தின்னும். வருடங்கள் போகப் போக மஞ்சளித்து நொறுங்கும். அதனால் மனசுக்குப் பிடித்த படம் வந்தால், காய்ந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.