பைபர் வள்ளம் எங்கே உடைகிறது: கேள்வி பதில்

பைபர் வள்ளம் என்பது கண்ணாடி இழையை ரெசின் என்ற பசையில் தோய்த்து அடுக்கடுக்காகச் செய்தது. அதைப் பற்றி வந்த கேள்விகள் எல்லாம் கடைசியில் பொருத்தில்தான், அதாவது இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான், போய் முட்டின. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குருநகரிலிருந்து: அண்ணை, வள்ளத்துக்கு ஏழு வயது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. எஞ்சின் பூட்டும் பின்பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையில் மட்டும் மயிர்போல வெடிப்பு. ஏன்?

உடம்பில் அலையின் அடி பரவிப் போய்விடும். மூலையில் அது திரும்பியாக வேண்டும். எஞ்சின் தள்ளுவதும், வள்ளம் அலையில் குதித்து விழும்போது எஞ்சினின் பாரமும் அங்கேதான் இறங்குகின்றன. ஆறு வினாடிக்கு ஓர் அலை என்று வையுங்கள். எட்டு மணித்தியாலத்தில் 4,800 அடி. வருடத்தில் 200 நாள் தொழில் என்றால் ஏறக்குறைய பத்து இலட்சம். ஒரு தடவையில் உடைக்காத சுமை, இத்தனை தடவையில் உடைத்துவிடும். இதைத்தான் அயர்ச்சி என்கிறோம்.

ஒரு நாணயத்தால் அந்த மூலையைத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் பெரும்பாலும் மேற்பூச்சுதான் வெடித்திருக்கிறது. 'டொப்' என்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அப்போது மேலே பூசி மறைக்காதீர்கள், வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

பொறியியல் மாணவி, கிளிநொச்சி: உருக்குக்கு ஒரு சுமை எல்லை உண்டு, அதற்குக் கீழே அயர்ச்சியே இல்லை என்று படித்தோம். கண்ணாடி இழைக்கு?

அப்படி நம்பியிருக்க ஓர் எல்லை இல்லை, தங்கச்சி. சுற்றுகள், அதாவது சுமை வந்து போகும் தடவைகள், பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவையும், தொடக்கப் பலத்தில் ஏறக்குறைய 10 வீதம் போகும் என்பது பழைய கைக்கணக்கு. பத்து இலட்சம் என்றால் ஆறு தடவை பத்து மடங்கு, ஆக மீதி 40 வீதம். அதுவும் துளையோ ஒட்டோ இல்லாத நல்ல தகட்டுக்கு. இழுவையும் அமுக்கமும் மாறி மாறி வந்தால் இன்னும் மோசம். கார்பன் இழை இதைவிட நன்றாகத் தாங்கும்.

வல்வெட்டித்துறை, வள்ளம் திருத்துபவர்: போல்ட் நல்லதா, ஒட்டு நல்லதா?

ஐயா, ஒழுங்காகச் செய்த ஒட்டுக்கே என் வாக்கு. துளை போட்டால் இழையை வெட்டுகிறோம், துளையின் ஓரத்தில் சுமை குவியும். ஆனால் போல்ட்டுக்கு ஒரு நல்ல குணம்: துளை முட்டை வடிவமாக இழுபட்டு முதலே காட்டிக்கொடுக்கும். ஒட்டு சொல்லாமல் போய்விடும்.

போல்ட்தான் வழி என்றால், துளையின் நடுவிலிருந்து விளிம்புக்குக் குறைந்தது போல்ட் விட்டத்தின் மூன்று மடங்கு விடுங்கள், பெரிய வாஷர் போடுங்கள். இறுக்கம் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் அழுத்தத்தில் ரெசின் மெல்ல இளகிக் கொடுக்கும், போல்ட் தளரும். தளர்ந்த போல்ட் ஒவ்வோர் அலைக்கும் சுத்தியல்தான். அதனால் இடைக்கிடை இறுக்கிப் பாருங்கள். துளையின் உள்சுவருக்கு ரெசின் பூச மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் இழை வழியே உள்ளே போகும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் பலம் இரட்டிக்காது. ஒட்டு விறைப்பானது, சுமையை அதுதான் எடுக்கும். ஒட்டு விட்ட பிறகுதான் போல்ட்டுக்கு வேலை.

அதே ஆள்: ஒட்டில் ஒரு தகடு மற்றதன்மேல் ஏறும் அகலத்தைக் கூட்டினால்?

கொஞ்சத் தூரத்துக்குத்தான் பலன். சுமை ஒட்டின் இரண்டு முனைகளிலும் குவிகிறது, நடு சும்மா இருக்கும். முனை உரிபடத் தொடங்கினால் கதை முடிந்தது. சதுரமாக வெட்டி ஒட்டாமல் கிரைண்டரால் சரிவாக்குங்கள்: 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர் சரிவு. காய்ந்த பொலியெஸ்டர் ரெசின் மீது எப்பொக்சி ரெசின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் முதலில் உரச வேண்டும். அசிட்டோன் துடைத்தால் போதும், உரசத் தேவையில்லை என்பவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

பருத்தித்துறை: கார்பன் துண்டை அலுமினியச் சட்டத்தில் பூட்டலாமா?

நேரடியாக வேண்டாம். கார்பனைத் தொட்டுக்கொண்டிருந்தால் கடல்நீரில் அலுமினியம் அரிபடும். இடையில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று போடுங்கள்.

குருநகர்த் தம்பி மறுபடி: சரி, இன்னும் எத்தனை வருடம் ஓடும்?

வருடக் கணக்குச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சுமையும் தின்ற ஆயுளைக் கூட்டிப் பார்க்கும் மைனர் விதி 1945இலிருந்து இருக்கிறது, ஆனால் பைபரில் எந்தச் சுமை முதலில் வந்தது என்பதே விடையை மாற்றிவிடும். அந்த வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பேனாவால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டியிருந்தால் எஞ்சினைக் கழற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.