அத்தைகளின் கணக்கு

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். சேலத்தில் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது என் அத்தை மார்பகப் புற்றுநோயில் இறந்தார். அவருக்கு மூத்தவர், பெரிய அத்தை, நான் பிறக்கும் முன்பே வயிறு வீங்கி இறந்தாராம். புற்றுநோய் மரபியலில் முனைவர் பட்டம் வாங்கி அந்த நோயைப் பழி தீர்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. 'முப்பது வயது வரை படித்தால் யார் கட்டிக்கொள்வார்கள்' என்கிறார் அப்பா. அம்மாவோ, 'பெண்களுக்கு வரும் நோய் அம்மா வழியில்தான் வரும், அத்தைகள் அப்பா வழி, உனக்கென்ன பயம்' என்கிறார். சொந்தத்தில் கட்டிக்கட்டித்தான் இந்த நோய் வந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? அப்பாவிடம் நீங்கள் பேசுவீர்களா?

ச.

அன்புள்ள ச.,

அம்மா சொல்வதிலிருந்து தொடங்குகிறேன், அது அவசரம். அவர் சொல்வது தவறு. மார்பகப் புற்றுநோயோடு அதிகம் பேசப்படும் பிஆர்சிஏ1 மரபணு இருப்பது, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் 17ஆவதில். பிஆர்சிஏ2 இருப்பது 13இல். இரண்டும் ஆண், பெண் இருவரிடமும் இருப்பவை, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டிரண்டு பிரதிகளாக. அப்பாவிடம் பழுதான பிரதி ஒன்று இருந்தால், அவர் கல்லுக்குண்டு போல நடமாடிக்கொண்டிருந்தாலும், அது பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதும் இதற்குக் காரணம் அல்ல. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்களுக்கு நெருங்கிய உறவுத் திருமணம் வழி செய்கிறது, அதை நம் மாவட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறோம். இதில் ஆபத்தை உயர்த்த ஒரே ஒரு பழுதான பிரதி போதும். அது அசலூர்ச் சம்பந்தத்திலும் வரும்.

உங்கள் அத்தைகளுக்கு வந்தது பரம்பரைப் புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான் பரம்பரையாக வருபவை. ஆனால் ஒருவருக்கு மார்பிலும் இன்னொருவருக்கு வயிற்றிலும் என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருப்பதை ஒரு மரபியலாளர் தனித்தனியாகப் படிக்க மாட்டார். சினைப்பைப் புற்றுநோயில் வயிறு வீங்கும். மார்பகம், சினைப்பை இரண்டையும் தாக்குவது அந்த மரபணுக்களின் வழக்கம். நம் பக்கத்தில் எத்தனை பெண்கள் 'வயிற்றுக் கட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்! வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இருந்தால் அந்தச் சொல்லையும் மறைத்துவிடுவார்கள். செய்வினை என்று கோழி அறுத்த வீடுகளையும் எனக்குத் தெரியும்.

இனி ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை. மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பேராசிரியரை நீங்கள் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். அவர் கல்லூரியில் படித்தது கணிதம். பெர்க்லியில் புள்ளியியல் படிக்கப் போய் மரபியலுக்குத் தாவினார். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் புரதங்களில் 99 சதவீதம் ஒற்றுமை என்று காட்டி 1973இல் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு மார்பகப் புற்றுநோயில் இறங்கினார். அந்தக் காலத்தில் புற்றுநோய் ஆய்வாளர்களில் பலர் வைரஸ்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சிக்கலான நோயை ஒற்றை மரபணு தீர்மானிக்கும் என்பதை நம்பத் தயாராக இருந்தவர்கள் குறைவு.

1990 வரை அவர் செய்த வேலையின் பெரும்பகுதியை உங்கள் பாட்டி கேட்டால், 'இது நான் செய்கிற வேலைதானே' என்பார். எந்த வீட்டில் யார் இறந்தார், எதில் இறந்தார், அப்போது என்ன வயது, உயிரோடு இருப்பவர்களிடம் ரத்தம் எடுக்க முடியுமா என்று கேட்டுக் கேட்டுச் சேர்ப்பது. கடைசியில் கையில் 23 குடும்பங்கள், அவற்றில் 146 நோயாளிகள். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகக் குவித்துக் கணக்குப் போட்டால் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. நோய் வந்த வயதைக் கொண்டு குடும்பங்களை வரிசைப்படுத்தினார்கள். இளம் வயதில் நோய் வந்த குடும்பங்கள் மேலே, முதிய வயதில் வந்தவை கீழே. மேலே இருந்த குடும்பங்களில் 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு பளிச்சென்று தெரிந்தது. எழுபது வயதில் மார்பகப் புற்றுநோய் எந்தப் பரம்பரையும் இல்லாமலே பலருக்கு வருகிறது. முப்பத்தைந்தில் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வருவது அப்படி அல்ல. காவேரிப்பட்டணத்து மண்டியில் பத்துத் தோப்பு மாங்காயை ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, எந்தத் தோப்பில் வண்டு விழுந்தது என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? தோப்பு வாரியாகப் பிரித்துப் போட்டால் கூடை தூக்குகிற பையன் சொல்லிவிடுவான். எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நியாயமாக அந்தத் துண்டில் இருந்த பிஆர்சிஏ1 மரபணுவை முதலில் பிரித்தெடுத்ததும் அவராக இருந்திருக்க வேண்டும். இல்லை. 1994இல் வேறொரு குழு முந்திக்கொண்டது. அந்த மரபணுவுக்கே காப்புரிமை வாங்கியது ஒரு நிறுவனம். இயற்கையில் இருக்கும் மரபணுவுக்குக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2013 ஆயிற்று. பதினாறு ஆண்டு உழைத்து இடத்தைக் காட்டியவர் ஒருவர், கதவைத் திறந்தவர் இன்னொருவர். இந்தத் துறையில் அது அபூர்வம் அல்ல.

அதனால்தான் 'பழி' என்ற சொல் எனக்கு இடறுகிறது. இழப்பிலிருந்து பெரிய காரியங்கள் பிறக்காமல் இல்லை. உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டிதான் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவமனை கட்ட அந்த வெறி உதவும். ஆய்வகத்தில், மூன்றாம் ஆண்டும் சோதனை பிசகும்போது, அத்தையின் முகம் சோறு போடாது. வரிசைப்படுத்துவதிலும் பிரிப்பதிலும் உங்களுக்கு ருசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது 2023இல் உயர்த்திய தொகை. மாதாமாதம் வரும் என்று நம்பி வீட்டுக்கடன் வாங்க வேண்டாம். பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அதன்பின் முதுமுனைவர் ஆய்வு என்று சில ஆண்டுகள், அதற்கும் பிறகுதான் நிரந்தர வேலை பற்றிய பேச்சு. என் தங்கை மகள் பெங்களூரில் இதைத்தான் செய்கிறாள். வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஊட்டநீர் மாற்ற வேண்டும், அவற்றுக்குப் பொங்கலும் கிடையாது தீபாவளியும் கிடையாது. போன ஆண்டு போகியன்று இரவு ஓசூர் வந்து, பொங்கல் பானை இறங்கியதும் பஸ் ஏறிப் போனாள். முதலில் அவள் இருந்த ஆய்வகத்தில் அவள் எழுதிய கட்டுரையில், முக்கிய உழைப்பாளிக்கு உரிய முதல் ஆசிரியர் இடத்தில் வேறொருவர் பெயர் வந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் முன்பு படித்த இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதைவிடக் கறாராக.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருவது ஜேனட் ரௌலி. சிகாகோவில் நான்கு பையன்களை வளர்த்துக்கொண்டு பல ஆண்டு பகுதி நேரமாக மட்டும் வேலை பார்த்த மருத்துவர். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று அந்த மேசையில்தான் கண்டார். 1973இல் அது வெளியானபோது அவருக்கு வயது 48. அந்த இடமாற்றத்தால் உண்டாகும் புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தது. அதற்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் நடத்திய வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரலில் தள்ளுபடியானது. மாதம் லட்சத்துக்கு மேல் விலை சொன்ன மருந்தை இந்திய நிறுவனங்கள் சில ஆயிரங்களுக்குத் தர முடிந்தது அதனால்தான். மத்தூரில் எனக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அதை விழுங்கிவிட்டு இன்றும் வண்டி ஓட்டுகிறார். ரௌலியின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் அப்பாவிடம் பேச எனக்குத் தயக்கமில்லை. எண்ணை அனுப்புங்கள். அதற்கு முன் நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு பெரிய தாளில் வம்சாவளியை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு கோடு. நோய் வந்த வயதை ஒவ்வொருவர் பக்கத்திலும் எழுதுங்கள். நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது மரபணுச் சோதனையின் வழக்கம். அத்தைகள் இருவரும் இல்லாததால் அடுத்து அப்பாதான். அந்தத் தாளோடு ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள், சோதனை தேவையா என்று அவர் சொல்வார். அது உங்கள் படிப்புக்காக அல்ல, உங்களுக்காக.

அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தால் இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். தாளை அவர் முன் விரித்து, பெரிய அத்தை இறந்தபோது அவருக்கு என்ன வயது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்