வானிலை எச்சரிக்கை நம் வீட்டுக்கு எப்படி வரும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், புயல் வருவதற்கு முன்பே தானாக ஒலியெழுப்பும் வானிலை வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். ஆற்றோரத் தாமானில் தனியாக இருக்கும் எனக்கு அது உதவுமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, உங்கள் மகனின் அக்கறை பெரியது. ஆனால் அந்தப் பெட்டி இங்கே எச்சரிக்கை தராது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களிலிருந்து 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் இரவுபகலாக நடத்தும் ஒலிபரப்பை வாங்குவதற்கென்றே அது செய்யப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய ஒலிபரப்பு இல்லை. அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. உரிமையாளர் தம் வட்டாரத்தின் குறியீட்டைப் பதிந்து வைத்தால், அந்த வட்டாரத்துக்கான எச்சரிக்கை வரும்வரை பெட்டி அமைதியாக இருந்து, வந்தவுடன் நள்ளிரவானாலும் ஒலியெழுப்பி அவரை எழுப்பிவிடும். நமக்கு இல்லாத அருமையான வசதி இது என்றே நினைக்கிறேன்.

பெட்டியில் எஃப்.எம். இருந்தால் நம் தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம். கேட்கலாம். மின்சாரத்தில் இணைக்கும் முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் ஏற்பதானால் நம் வீட்டு மின்சாரத்தில் கருகிவிடும். இரவு நேரத்துக்கு, கைப்பேசியில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலியை மகனிடமே அமைத்துத் தரச் சொல்லுங்கள். அதோடு, நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பக்கூடிய அண்டை வீட்டார் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எச்சரிக்கைகளில் எங்கள் ஊர்ப் பெயர் வருவதே இல்லையே, ஏன்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் சொல்லியே வெளியாகின்றன. சுங்கை சிப்புட் குவாலா கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே ‘பேராக், குவாலா கங்சார்’ என்று கேட்டால் அது நமக்கும் உரியது என்று கொள்ள வேண்டும். மலாய் அறிவிப்பு விளங்காத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

இடிமழை எச்சரிக்கையும் தொடர்மழை எச்சரிக்கையும் வேறுவேறு. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடிமேகம் நெருங்கும்போதோ, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரியும்போதோ தரப்படும் இடிமழை எச்சரிக்கை, ஒரு முறைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. காலையில் கேட்டதை நம்பி மாலையில் துணி காயப்போட முடியாது. தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று படிகள் உண்டு. மலாயில் அவை ‘வாஸ்பாடா’ (விழிப்பு), ‘புரூக்’ (மோசம்), ‘பஹாயா’ (ஆபத்து) என்று அறிவிக்கப்படும்.

ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு இவை மட்டும் போதா. லாசா பக்கத்து மலைகளில் பெய்யும் மழை, நம் வாசலில் ஒரு துளி விழாதபோதும் பிளஸ் ஆற்றின் நீர்மட்டத்தை உயர்த்திவிடலாம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்ஃபோ பஞ்சிர்’ இணையத்தளம் ஆற்று நீர்மட்ட நிலவரத்தை வெளியிடுகிறது. உங்களுக்கு மேல்பக்கம் உள்ள நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்; கீழ்ப்பக்க நிலையம் காட்டுவது ஏற்கெனவே உங்களைக் கடந்துபோன நீரை.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டுபவர்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இடி வந்தால் என்ன செய்வது? (தோட்டத் தொழிலாளர்)

பதில்: இடி காதில் விழுந்ததுமே அறிவிப்புக்குக் காத்திருக்காமல் வேலையை நிறுத்திவிட வேண்டும். நீண்ட அலுமினியக் கம்பைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடியில் ஒதுங்காமல், கட்டடத்துக்குள்ளோ கதவும் கண்ணாடியும் மூடிய லாரியின் முன்னறைக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம். தோட்ட நிருவாகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு: பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) வானிலையைச் சொல்வதோடு நிறுத்தாமல், நண்பகலில் மண்டோர் ஒருவர் எச்சரிக்கையை மறுபடி பார்த்து, வெளிக்காட்டில் இருப்பவர்களுக்கு அவரவர் மொழியில் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.