பனியில் டிஃப் லாக்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனி டிஃபரன்ஷியல் லாக் உண்டு. சேற்றிலும் மணலிலும் நன்றாகக் கைகொடுத்தது. பனிக்காலத்தில் சாலை உறைந்து கிடக்கும்போது இரண்டையும் போட்டபடியே ஓட்டினால் வழுக்காதுதானே?

பதில்: தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள், இன்னும் மோசமாக வழுக்கும். லாக் இருப்பது சிக்கிய வண்டியை நகர்த்த. வழுக்காமல் பிடித்துவைக்கும் வேலையை அது செய்யாது.

டிஃபரன்ஷியல் என்பது ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு, லாக் அதைப் பூட்டிவிடும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு டார்க்கைத்தான், அதாவது சுழற்றும் விசையைத்தான் கொடுக்கும். ஒன்று ஐஸ் மேல் நின்றால் அதைச் சுற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ, மறுபக்கத்துக்கும் அவ்வளவுதான் போகும். அதனால்தான் ஒரு சக்கரம் வீணாகச் சுற்ற, நல்ல தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கிறது. லாக் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆகவேண்டும், பிடிப்புள்ள சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். சேற்றில் உங்களுக்கு உதவியது இதுதான்.

ஆனால் சும்மா நிற்கும் அந்தச் சக்கரம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. சுழன்று வழுக்காத டயருக்குத்தான் பக்கவாட்டுப் பிடிப்பு இருக்கும், சுழல ஆரம்பித்த டயருக்கு அது பெரும்பாலும் போய்விடும். காய்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் குணகம் சுமார் 0.7, 0.8 என்றால் ஐஸில் 0.1-ஐ ஒட்டித்தான், அதுவும் 0 டிகிரிக்குப் பக்கத்தில் மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது கடுங்குளிர் ஐஸைவிட மோசம். அந்தப் பரப்பில் பின் லாக்கைப் போட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும், வால் பக்கம் எது பள்ளமோ அந்தப் பக்கம் இறங்கும். சாலை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வேகமே இல்லாமல்கூட ஓரத்துக்குப் போய்விடுவீர்கள். முன் லாக் இதைவிட ஆபத்து: ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். பக்கச் சரிவிலும் வளைவிலும் இரண்டுமே கூடாது. இன்னொன்று, பல வண்டிகளில் லாக் போட்டால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் (வண்டி வழுக்கித் திரும்பாமல் பார்த்துக்கொள்வது) சிலவற்றில் ஏபிஎஸ்ஸும் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நிற்காமல் காப்பது) அணைந்துவிடும். டேஷ்போர்டு விளக்கைப் பாருங்கள்.

சரி, எப்போது போடலாம்? முன்னால் ஆழமான பனி தெரிகிறது, பாதை நேராக இருக்கிறது, அல்லது ஏற்கெனவே சிக்கி நிற்கிறீர்கள் என்றால் போடலாம். வண்டியை நிறுத்தி, சக்கரம் சுற்றாத நிலையில், லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக விசையோடு ஓட்டும் கியர் நிலை), முதலில் பின் லாக் மட்டும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது ஸ்விட்சைத் தட்டினால் உள்ளே பற்கள் உடையலாம். மெதுவாக, ஒரே சீராக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். வெளியே வந்ததும் அணைத்துவிடுங்கள். விளக்கு அணையாமல் கண்சிமிட்டினால் பயப்பட வேண்டாம், ஆக்சிலில் முறுக்கு ஏறியிருக்கும், கொஞ்சம் பின்னால் எடுத்து நேராக ஓட்டினால் விடுபடும். சிக்கி நிற்கும் நேரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், உயிர் போகிற விஷயம்.

கேள்வி: எனக்கு ஸ்விட்ச் கிடையாது, தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர். என்ன செய்வது?

பதில்: ஆக்ஸிலரேட்டர்தான் உங்கள் ஸ்விட்ச். வளைவின் நடுவில் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே காலை அசைக்காமல் போங்கள். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலுள்ள தூரம்) குட்டையான வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

கேள்வி: குளிர்ந்த காலையில் என் காற்றழுத்த லாக் தாமதமாகப் பிடிக்கிறது, சில நாள் பிடிப்பதே இல்லை.

பதில்: காற்றுக் குழாயில் ஈரம் உறைந்திருக்கலாம். காற்று டேங்க் இருந்தால் குளிர் தொடங்கும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். கியர் ஆயில் கெட்டியாகியிருந்தாலும் இப்படி ஆகும். கையேடு அனுமதித்தால் 80W-90-க்குப் பதில் 75W-90 ஊற்றலாம்.

கேள்வி: லாக், குளிர்கால டயர் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். எது?

பதில்: டயர், யோசிக்கவே வேண்டாம். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும், குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். புறப்படவும் திரும்பவும் நிற்கவும் மூன்றுக்கும் டயர் உதவும். பிரேக் பிடிக்கும் தூரத்தை எந்த லாக்கும் குறைக்காது. பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ போட்ட சின்னம் இருக்கிறதா என்று பார்த்து, நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையாக மாட்டுங்கள். அப்புறம், வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், அதனால் வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையில் அளந்து பாருங்கள்.